படகு நம்பர் விழுந்துருச்சா தம்பி? ஜெகதாப்பட்டினத்தில் ஒரு போட்டோ ஒர்க்‌ஷாப்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன மே மாசம் நான் நடத்துன டிராவல் போட்டோகிராஃபி ஒர்க்‌ஷாப் எப்படிப் போச்சுன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க. இன்ஸ்டாவுல நான் போட்ட படங்களைப் பாத்துட்டு "செமயா போயிருக்கு போல"ன்னு மெசேஜ் பண்ணீங்க. அதுக்கெல்லாம் ஹார்ட் போட்டுட்டு நகர்ந்துட்டேன். உண்மையில அந்த ஒர்க்‌ஷாப்ல நான் ரெண்டு தப்பு பண்ணேன். ஒண்ணு சிரிக்கிற மாதிரி தப்பு. இன்னொண்ணு அப்படி இல்ல. ரெண்டையும் சொல்லிடுறேன்.

முதல்ல ஒரு கேள்வி. தமிழ்நாட்டுல கடற்கரை ஊர்ல போட்டோ ஒர்க்‌ஷாப்னா எங்க போவாங்க? பாண்டிச்சேரி. மஞ்சச் சுவர், போகன்வில்லா, சுவர்ல சாஞ்ச சைக்கிள். இல்லன்னா தரங்கம்பாடி, 1620-ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை. ரெண்டுமே நல்ல ஊர்தான், நானும் போயிருக்கேன். ஆனா அங்க எடுத்த படத்தை நம்ம ஃபோன்ல பாத்தா, ஏற்கனவே ஆயிரம் பேர் எடுத்த படம் மாதிரியே இருக்கும்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கான்னு என் ஆபீஸ்லயே கேப்பாங்க. இருக்குங்க. சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில ராமேஸ்வரம் போறவங்க தூங்கிட்டே தாண்டிப் போற ஊருங்க. பழைய சமஸ்தானத்துல இந்தக் கரை கிடையாது. அது தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துச்சு. 1974-ல புதுக்கோட்டை தனி மாவட்டமானப்பதான் கடலும் நம்ம கணக்குல வந்துச்சு. பழைய ஊருங்க இதெல்லாம். 63 நாயன்மார்கள்ல ஒருத்தரான குலச்சிறையார் பொறந்தது மணமேல்குடியில. கோட்டைப்பட்டினம் ராவுத்தர் அப்பா தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. கொஞ்சம் உள்ள தள்ளி ஆவுடையார்கோயில்.

அதனால பிளான் இதுதான். சனிக்கிழமை ஆவுடையார்கோயில். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகு கரை சேர்றது, மீன் இறக்குறது, ஏலம். ஒம்பது பேர் பேர் குடுத்தாங்க. தலைக்கு 4,500 ரூபாய், வேன், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேத்து.

நம்ம வேலை என்ன, சாஃப்ட்வேர். எக்ஸெல் ஷீட் போட்டாச்சு. சூரிய உதயம் எத்தனை மணி, எந்தத் திசையில வெளிச்சம், யார் எந்த லென்ஸ் கொண்டுவர்றாங்க, மழை வந்தா மாற்று ஏற்பாடு, எல்லாம் தனித்தனி டேப். பிப்ரவரியிலயே ஒரு ஞாயித்துக்கிழமை தனியா போய் பாத்துட்டு வந்தேன். அன்னைக்குத் துறைமுகம் திருவிழா மாதிரி இருந்துச்சு. ஐஸ் உடைக்கிற சத்தம், கூடை, இறால், நண்டு, ஏலக் குரல். "இதேதான் வேணும்"னு ஷீட்ல எழுதிக்கிட்டேன்.

சனிக்கிழமை அருமையா போச்சு. ஆவுடையார்கோயில் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. மாணிக்கவாசகரோட சம்பந்தப்பட்ட ஊர், பழைய பேரு திருப்பெருந்துறை. கருவறையில லிங்கம் இல்ல, ஆவுடையார் மட்டும்தான். நந்தி இல்ல, கொடிமரம் இல்ல. மேல நிமிர்ந்து பாத்தா கொடுங்கை. கல்லுதான், ஆனா மரச்சட்டம் அடிச்சு ஆணி அறைஞ்ச கூரை மாதிரி செதுக்கியிருப்பாங்க. பழைய காலத்துல ஸ்தபதிங்க கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக"ன்னு எழுதுவாங்கன்னு ஒரு வழக்கு உண்டு. அதாவது எதை வேணா செய்றோம், அந்தக் கொடுங்கையை மட்டும் கேக்காதீங்கன்னு அர்த்தம். எங்க படம் எடுக்கலாம், எங்க கூடாதுன்னு கோயில்ல கேட்டுக்கிட்டு, அனுமதிச்ச இடத்துல மட்டும் எடுத்தோம்.

அன்னைக்கு சாயந்திரம் அறந்தாங்கி லாட்ஜ்ல ஒரு சின்ன கிளாஸ். லின்னேயஸ் ட்ரைப்போட படங்களைக் காட்டுனேன். இவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசோட போட்டோகிராஃபர். புதுக்கோட்டைக்குன்னே தனியா ஒரு ஆல்பம் 1858-ல வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, போட்டோகிராஃபின்னு ஒண்ணு வந்து இருபது வருஷம்கூட ஆகல. தஞ்சைப் பெரிய கோயிலோட அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவா எடுத்து, ஒண்ணோட ஒண்ணு சேத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்குனவரும் இவர்தான். அவரோடது பேப்பர் நெகட்டிவ். லென்ஸை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். அதனால கோயில், மதில், பாறையெல்லாம் கூர்மையா விழும். நடந்து போற மனுசங்க விழ மாட்டாங்க, இல்லன்னா புகை மாதிரி தெரிவாங்க.

அப்ப நான் பெருமையா ஒண்ணு சொன்னேன். "அவர் கேமராவுல மனுசங்க சிக்கல. நம்ம கேமராவுல ஆயிரத்துல ஒரு நொடி போதும்"னு. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த நாளே எனக்குத் திரும்பி வந்துச்சு.

கிளாஸ் முடிஞ்சு, ராத்திரி பத்து மணி வாக்குல டீ குடிக்க இறங்குனேன். டீக்கடை அண்ணன் "எங்க தம்பி, இவ்ளோ கேமராவோட?"ன்னு கேட்டார். "காலையில ஜெகதாப்பட்டினம்ணே, படகு வர்றதைப் படம் எடுக்கப் போறோம்"னேன். அவர் டீ ஆத்துறதை நிறுத்தல. "படகா? தடைக்காலம்ல"ன்னார்.

மக்களே, என் வயித்துக்குள்ள ஐஸ் கம்பெனி ஓடுச்சு.

தெரியாதவங்களுக்கு: தமிழ்நாட்டோட கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிடுற காலம்னு சொல்லி 2001-லிருந்து இந்தத் தடை இருக்கு. முதல்ல 45 நாளா இருந்துச்சு, அப்புறம் 61 ஆச்சு. நாட்டுப்படகு போகலாம். இந்த மாசங்கள்ல மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் குடுக்கும். 5,000 ரூபாயா இருந்ததை 8,000 ஆக்குறதா 2023-ல அறிவிச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு.

இதுல கேவலம் என்னன்னா, எனக்கு இது தெரியும். மே மாசம் ஆனா எங்க வீட்டுல அம்மா மார்க்கெட் போயிட்டு வந்து "மீன் வெல தீயா இருக்கு, தடைக்காலம்"னு சொல்றதை சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். அந்த மே மாசத்தையும் என் எக்ஸெல் ஷீட்டோட மே மாசத்தையும் நான் சேத்தே பாக்கல. சூரியன் எத்தனை மணிக்கு வருதுன்னு நிமிஷக் கணக்குல பாத்தவன், படகு வருதான்னு பாக்கல. இதுதான் முதல் தப்பு, சிரிக்கிற தப்பு. நீங்க சிரிக்கலாம். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

அன்னைக்கு ராத்திரியே எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். சொல்லல. விடிஞ்சு, வேன்ல ஏறுனப்புறம், நாலே முக்காலுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் வேன்ல யாரும் பேசல. அப்புறம் ஒரு பொண்ணு கேட்டாங்க: "அப்ப எதுக்கு காசு குடுத்தோம்?" நியாயமான கேள்வி. பாதிப் பணத்தைத் திருப்பித் தர்றேன்னு அங்கயே சொல்லிட்டேன். ஆனாலும் போய்ப் பாக்கலாம்னு போனோம்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி சூரியன் வந்துச்சு. பாக் ஜலசந்திப் பக்கம் கடல் வேற மாதிரி. மெரினா மாதிரி அலை அடிக்காது, ஆழம் கம்மி, தட்டு மாதிரி கிடக்கும். துறைமுகத்துல விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்குது. சிலது கரையில ஏத்தியிருக்காங்க. பிப்ரவரியில பாத்த இடம்தானான்னு இருந்துச்சு.

என் கையில பிளான் எதுவும் இல்ல. அதனால ஒரு விஷயம் சொன்னேன்: "இருபது நிமிஷம் கேமராவைப் பையிலயே வைங்க. நடங்க, உக்காருங்க, பேசுங்க." பாடம்னு நெனச்சு சொல்லல. நேரம் கடத்துறதுக்குத்தான் சொன்னேன். ஆனா அந்த இருபது நிமிஷத்துலதான் ஊர் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.

தடைக்காலம்னா ஊர் தூங்குதுன்னு நெனச்சுட்டேன். அப்படி இல்ல. வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் இந்த ரெண்டு மாசத்துலதான் நடக்குது. பலகை மாத்துறாங்க, இடுக்கு அடைக்கிறாங்க, பெயிண்ட் அடிக்கிறாங்க, இன்ஜினைக் கழட்டிப் போட்டிருக்காங்க. நிழல்ல நாலஞ்சு பேர் உக்காந்து வலை பொத்திக்கிட்டு இருந்தாங்க. கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே கை ஓடுது. எங்க குரூப்ல ஒருத்தர் டெக்ஸ்டைல் டிசைனர், அவங்க அங்கயே உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல நாட்டுப்படகு ரெண்டு மூணு வந்துச்சு, நண்டு வந்துச்சு, சின்னதா ஒரு ஏலம் நடந்துச்சு. எட்டு மணிக்கு எல்லாரும் சந்தோஷமா எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் மூச்சு வந்துச்சு. தப்பிச்சோம்னு நெனச்சேன்.

அப்பதான் ரெண்டாவது விஷயம் நடந்துச்சு.

எங்க பையன் ஒருத்தன், நல்லா எடுக்கிறவன், புதுசா நீலப் பெயிண்ட் அடிச்ச ஒரு படகை எடுத்தான். முன்னாடி படகுக்காரர், அறுபது வயசு இருக்கும், பீடி பத்தவச்சுக்கிட்டு நிக்கிறார். பின்னாடி படகோட பக்கவாட்டுல பெருசா பதிவு நம்பர். படம் உண்மையிலேயே பிரமாதம். ஃபோன்லயும் ஒண்ணு எடுத்து, அங்கயே லொகேஷனோட ஸ்டோரி போட்டுட்டான்.

அவர் வந்து கேட்டார். சத்தம் போடல. "படகு நம்பர் விழுந்துருச்சா தம்பி?"

"ஆமாய்யா, சூப்பரா வந்திருக்கு"ன்னு இவன் காட்டுறான்.

"நம்பர் வேணாம் தம்பி. அழிச்சிருங்க."

இவனுக்குப் புரியல. "அய்யா, இது பொது இடம்தானே, எடுக்கலாமே"ன்னான். திமிரா இல்ல, நிஜமாவே சந்தேகத்துல கேட்டான். அவர் பதில் சொல்லாம என்னைப் பாத்தார். ஏன்னா கூட்டிட்டு வந்தவன் நான்தான்னு அவருக்குத் தெரியும்.

நான் பேசல. ஒரு பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியில என் மண்டையில என்ன ஓடுச்சுன்னு சொல்றேன். ஏற்கனவே பாதிக் காசு திருப்பித் தர்றேன்னு சொல்லியாச்சு, இப்ப இவனோட நல்ல படத்தையும் அழிக்கச் சொன்னா என்ன நெனப்பான், ரிவ்யூ என்ன போடுவான். இதான் ஓடுச்சு. ரெண்டாவது தப்பு இதுதான். படகு வராததுக்கு நான் வெக்கப்படல இப்ப. அந்தப் பத்து நொடிக்கு வெக்கப்படுறேன்.

அப்புறம் "அழிச்சிருடா"ன்னேன். அழிச்சான். ஸ்டோரியையும் எடுத்தான். அதுக்குள்ள நூத்தி முப்பது பேருக்கு மேல பாத்திருந்தாங்க.

அதுக்கப்புறம் அவரே எங்களை உக்காரச் சொல்லி விளக்குனார். இந்தக் கரைக்கு எதிர்ல கடல்ல நெடுந்தீவு, யாழ்ப்பாணம். நடுவுல 1974-ல போட்ட எல்லைக்கோடு. நம்ம மாவட்டம் பொறந்த அதே வருஷம். விசைப்படகு வாரத்துல மூணு நாள் போகும், போறதுக்கு முன்னாடி மீன்வளத்துறையில டோக்கன் வாங்கணும். எல்லை தாண்டுனாங்கன்னு இலங்கைக் கடற்படை பிடிக்கிறது நமக்குச் செய்தி. மாசத்துக்கு எத்தனையோ தடவை ஸ்க்ரோல் பண்ணித் தள்ளிட்டுப் போறோம். அந்தப் பக்கத்து மீனவர்களும் தமிழர்கள்தான். இழுவைமடி தங்க வலையை அறுக்குது, கடலை அரிக்குதுன்னு அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2017-ல இலங்கை இழுவைமடியைச் சட்டமாவே தடை பண்ணிடுச்சு. அந்த விவாதம் பெருசு, தனி எபிசோடே போடலாம். அவர் சொன்னது அது இல்ல. அவர் சொன்னது இது:

"புடிச்சுட்டாங்கன்னு சேதி வர்றப்ப மொதல்ல ஆள் பேர் வராது தம்பி. படகு நம்பர்தான் வரும். பொம்பளைங்க அந்த நம்பரத்தான் பாப்பாங்க. வாட்சப்புல எவனாவது எங்கயோ எடுத்த பழைய படத்தைப் போட்டு, இந்தப் படகுதான்னு அனுப்பிட்டா, இங்க ஒரு வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரியாது. ஒரு தடவை எங்க வீட்டுலயே அப்படி ஆச்சு. நான் கரையில உக்காந்துதான் இருந்தேன்."

அவ்வளவுதான். இதைச் சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்தார்.

நமக்கு அந்த நம்பர் ஒரு கிராஃபிக் எலிமெண்ட். நீலத்து மேல வெள்ளை எழுத்து, நல்ல கான்ட்ராஸ்ட். அவங்களுக்கு அது ஆள் பேருக்குச் சமம். "பொது இடம்தானே"ங்கிற கேள்விக்குச் சட்டத்துல ஒரு பதில் இருக்கலாம். அந்த வீட்டு அடுப்புக்கு அந்தப் பதில் பத்தாது. முந்தின நாள் ராத்திரி நான் பெருமையா சொன்னேன்ல, ஆயிரத்துல ஒரு நொடி போதும்னு? அந்த வேகத்துல ஒருத்தர் "வேணாம்"னு சொல்றதுக்கு நேரமே இல்ல. ட்ரைப் காலத்துல அசைஞ்சாலே தப்பிச்சுக்கலாம். இப்ப அப்படி முடியாது. அதனால அந்த நேரத்தை எடுக்கிற நாமதான் குடுக்கணும்.

இதுல எனக்கு இன்னும் உறுத்துறது என்னன்னா, ஃபைல், டேட்டா இதெல்லாம் நான் தினமும் புழங்குற விஷயம். ஃபோன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா, எடுத்த இடம், நேரம், எந்த ஃபோன், எல்லாம் படத்தோட எக்ஸிஃப் டேட்டாவுல உக்காந்திருக்கும். வாட்சப்புல படமா அனுப்புனா அது கழண்டுடும். டாக்குமெண்டா அனுப்புனாலோ டிரைவ் லிங்க்கா குடுத்தாலோ அப்படியே போகும். நாங்க எல்லாரும் ஒரிஜினல் குவாலிட்டி வேணும்னு டிரைவ் ஃபோல்டர்லதான் போட்டுக்கிட்டு இருந்தோம். லென்ஸ் பத்தி ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். இதைப் பத்தி ஒரு நிமிஷம்கூடப் பேசல.

சரி, இப்ப என்ன மாத்தியிருக்கேன்னு சொல்லிடுறேன். நீங்க யாராவது ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு எங்கயாவது படம் எடுக்கப் போனா உபயோகப்படும்.

ஒண்ணு, சூரிய உதயம் பாக்குறதுக்கு முன்னாடி ஊரோட காலண்டரைப் பாக்குறேன். தடைக்காலம், திருவிழா, அறுவடை, சந்தை நாள். ஆப்ல இருக்காது. அந்த ஊர்ல ஒருத்தருக்கு ஃபோன் பண்ணணும், இல்லன்னா அம்மாகிட்ட கேக்கணும்.

ரெண்டு, முதல் இருபது நிமிஷம் கேமரா வெளிய வராது. இப்ப இது நேரம் கடத்த இல்ல, விதி.

மூணு, "எடுக்கலாமா"ன்னு கேட்டா மட்டும் போதாது. "இதுல எது வரக்கூடாது"ன்னும் கேக்கணும். இந்த ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில் நாம நெனைக்கவே முடியாததா இருக்கும். மூஞ்சி பரவாயில்ல, நம்பர் வேணாம்னு சொல்வாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நாலு, ஸ்பாட்ல இருந்து ஸ்டோரி கிடையாது. வீட்டுக்குப் போய், எக்ஸிஃப்பை நீக்கிட்டு, யோசிச்சுப் போடு.

அஞ்சு, யாராவது "அழிச்சிரு"ன்னா, லீடர் பத்து நொடி யோசிக்கக் கூடாது. இது எனக்கு மட்டும் உள்ள விதி.

பணக் கணக்கும் சொல்லிடுறேன், மறைக்க ஒண்ணும் இல்ல. ஒம்பது பேர்ல மூணு பேர் பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, ஆறு பேர் வேணாம்னுட்டாங்க. "எதுக்கு காசு குடுத்தோம்"னு கேட்ட பொண்ணு வாங்கிக்கிட்டாங்க. வாங்குனதுதான் சரி. அடுத்த தடவைக்கும் பேர் குடுத்திருக்காங்க.

ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை திரும்ப ஜெகதாப்பட்டினம் போனேன். தனியா. நாங்க எடுத்த படங்கள்ல இருபதைப் பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். இப்ப துறைமுகத்துல அந்த பிப்ரவரிச் சத்தமெல்லாம் திரும்பி வந்திருந்துச்சு. நீலப் படகுக்காரரைத் தேடிப் பிடிச்சேன். அவரோட படம் ஒண்ணு இருந்துச்சு. எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தப்ப, அவர்கிட்ட கேட்டுட்டு எடுத்தது.

பிரிண்டை வாங்குனார். தூரமா பிடிச்சு, முதல்ல பின்னாடி இருக்கிற படகைப் பாத்தார். நம்பர் இல்ல. அதுக்கப்புறம்தான் தன் மூஞ்சியைப் பாத்தார். "மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?"ன்னு பக்கத்துல நின்னவர்கிட்ட காட்டிச் சிரிச்சார். சட்டைப் பையில வைக்கப் பாத்தார், ஈரமா இருந்துச்சு. அப்புறம் படகுல ஏறி, டிரைவர் கேபின்ல எங்கயோ செருகி வச்சுட்டு வந்தார்.

"கேமரா கொண்டாரலயா?"ன்னு கேட்டார். "இல்லய்யா, பிரிண்ட் குடுக்கத்தான் வந்தேன்"னேன்.

"அட, இன்னைக்குத்தான்பா நல்ல பாடு"ன்னார்.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த ஒர்க்‌ஷாப் தேதியை ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன். உங்க ஃபோன்ல கேமராவுக்கு லொகேஷன் ஆன்ல இருக்கான்னு இப்பவே ஒரு தடவை செட்டிங்ஸ்ல பாத்துடுங்க.